தாமரைக் கிழங்கு

சிதறால் மலையேறிப் பாறைச் சிற்பங்களைக் கண்டு மகிழ்வோர், அங்கே தவம் புரிந்த சமண முனிவர்களின் ஆகார நியமத்தையும் சற்றே நினைத்துப் பார்க்கலாம். மண்ணுள் விளையும் கிழங்கு அவர்களுக்கு விலக்கு. அதை அகழ்ந்தால் செடியோடு எண்ணற்ற சிற்றுயிர்களும் மடியும் என்பது சமணர் கொள்கை. அவர்களுடைய ஆறாவது தீர்த்தங்கரரின் சின்னமோ செந்தாமரை! மலரைப் போற்றினார்கள்; கிழங்கைத் தொடவில்லை.

அத்தகைய விரதம் ஏதுமில்லாத நாமும் அக்கிழங்கைப் பெரும்பாலும் சேற்றிலேயே விட்டுவிடுகிறோமே, அதுவன்றோ விந்தை! மலையை விட்டு நாஞ்சில் நாட்டுக்குள் வந்தால், சுசீந்திரம், தேரூர்ப் பக்கத்துக் குளங்களில் தாமரையைக் காணலாம். பூவைத் தேடி வருவோர் பலர். கிழங்கை நாடுவோர் சிலரே.

கிழங்கு என்கிறோமே தவிர, அது சேற்றுக்குள் கிடையாக ஓடும் தண்டுதான். கணுவுக்குக் கணு இலையும் பூவும் மேலெழும். இலைகள் ஆக்கிய மாவுப்பொருள் நுனிக் கணுவிடைகளில் சேர்ந்து, அவை பருத்துக் கிழங்காகின்றன. குறுக்கே அரிந்தால் சக்கரம் போலத் துளைகள் தோன்றும். இலை வழியே இறங்கும் காற்று, மூச்சுக்கு இடமற்ற சேற்றில் அத்துளைகள் வழியாகவே கிழங்கை எட்டுகிறது.

துளைகளில் சேறு தங்கியிருக்கும். நன்றாக அலச வேண்டும். தோல் சீவி வில்லையாக அரிந்தவுடன் மோரிலோ புளித்தண்ணீரிலோ போடாவிட்டால் கறுத்துப் போகும். பொரியலுக்கும் குழம்புக்கும் ஏற்றது. மோரும் உப்பும் சேர்த்துக் காயவைத்த வற்றலைப் பொரித்தால், பிள்ளைகள் இன்னும் ஒரு பிடி சோறு கேட்பார்கள். பச்சையாகத் தின்னலாகாது. சாக்கடை கலக்கும் குளத்துக் கிழங்கை வாங்கவே வேண்டாம்.

பொகுட்டிலுள்ள இளம் விதையை உரித்து, நடுவிலுள்ள கசப்பு முளையை நீக்கித் தின்னலாம். இதை நம் மாணவர்களுக்கு வகுப்பில் கற்பிக்க வேண்டிய அவசியமே இல்லை! முற்றிய விதையோ கல்லுக்கு நிகர். சீனாவில் பழைய ஏரிப்படுகையில் கிடைத்த, சுமார் 1,300 ஆண்டு வயதுடைய விதையொன்று முளைத்ததாக 1995-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர்.

தாமரை நீரை மூடுகிறது, மடையை அடைக்கிறது என்று உழவர் குறைகூறுவதில் நியாயமுண்டு. ஆனால் அளவாகக் கிழங்கு அகழ்ந்தால் அடர்த்தி குறையும்; உணவும் கிடைக்கும். குளம் தூர்ந்து போவதே இருவருக்கும் பொதுப்பகை. காஷ்மீரத்து வூலர் ஏரியில் 1992-ஆம் ஆண்டு வெள்ளம் கொணர்ந்த வண்டலில் தாமரை புதைந்து மறைந்தது. அதனால் கிழங்கெடுத்துப் பிழைத்தவர்கள் தொழிலிழந்தனர். அண்மை ஆண்டுகளில் வண்டலை வாரியெடுத்த பிறகு, 2025-இல் அங்கே தாமரை மீண்டும் பூத்தது.