குளியலறையில் ஓர் ஒழுங்கு



மலைநாட்டுத் தோட்டங்களிலே குளியலறை என்பது நெடுங்காலம் பலருக்கும் வாய்க்காத வசதியாகும். வெள்ளையர் காலத்தில் எழுந்த லயங்களில் ஒரு குடும்பத்திற்குக் கிடைத்தது பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றே. குளிப்பதற்குப் பீலியடிக்குப் போகவேண்டும். சவர்க்காரமும் துவாயும் வாளியோடு போய் வாளியோடு திரும்பின. ஆதலின் அவற்றிற்குத் தனியிடம் தேவைப்படவில்லை. இன்றும் பல குடும்பங்களின் நிலை இதுவே.

எனினும் தனிவீடுகளும் எழுந்து வருகின்றன. இந்திய உதவியுடன் அமைக்கப்படும் 550 சதுர அடி வீட்டிலே குளியலறையும் அடங்கும். 2017 ஆம் ஆண்டில் நோர்வூட்டிலே மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அறையோ சிறிது, பொருள்களோ பல. தரையிற் பரப்பினால் கால் வைக்க இடமிராது. ஆகவே சுவரையே நாம் பயன்படுத்த வேண்டும்.

இங்கு நமக்குப் பகை ஈரம். குளிர்ந்த சுவரில் வெந்நீரின் ஆவி பட்டதும் நீராகி வழிகின்றது. துணியிலும் பலகையிலும் பூஞ்சணம் பூக்கின்றது. ஆதலால் மூடிய பெட்டியினும் திறந்த தட்டே நன்று. மரச்சட்டங்களை விரலளவு இடைவெளி விட்டு அறைந்தால் நீர் வடியும், காற்றும் புகும். அடியில் துளையிட்ட சிரட்டையைக் கயிற்றில் தொங்கவிட்டு அதிலே சவர்க்காரத்தை வைத்தால், அது நீரில் ஊறிக் கரையாது. கணுவோடு நறுக்கிய மூங்கிற் குழலில், கணுவிலே துளையிட்டுச் சுவரில் மாட்டினால் பல் தூரிகைகளுக்கு இடமாகும். கதவின் பின்புறத்தில் ஆளுக்கோர் ஆணியிருந்தால் ஒருவர் துவாயை மற்றவர் எடுக்க நேராது.

இனி, சொல்லக் கூசும் ஒரு செய்தி. மாதவிலக்குத் துணியைப் பிறர் காணாதபடி ஈரத்தோடு ஒளித்துவைப்பது பெண்களிடையே வழக்கமாயுள்ளது. காயாத துணி நோய்க்கு இடந்தரும். அதனைத் துவைத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, மூடியுள்ள தகரப்பெட்டியில், ஈரம்படாத அறையிலே வைத்தல் வேண்டும். அப்பெட்டிக்கு ஓர் இடம் ஒதுக்குவது குடும்பத்தார் அனைவரின் கடமை.

கழிவறை கழுவும் திரவத்தை மிக உயரத்திலே வையுங்கள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறும் குழந்தைக்கும் அது எட்டலாகாது. குளிர்பானப் போத்தலில் அதனை ஊற்றிவைத்தல் பெருந்தவறு. களைநாசினியோ குளியலறைக்குள் வரவே கூடாது.

பெரட்டுக்குப் புறப்படும் விடியற்பொழுதிலே தாய்க்கு ஒவ்வொரு நிமிடமும் அரிது. தேடாமல் கைக்கு எட்டும் பொருள் அவளுடைய நேரத்தைக் காக்கும். எட்டாத உயரத்தில் வைத்த பொருளோ அவள் குழந்தையைக் காக்கும்.