நட்சத்திரத்தின் வீழ்ச்சியும் கருந்துளையின் பிறப்பும்: கணினி மாதிரி எவ்வாறு கணிக்கின்றது?



கருந்துளை ஒன்று தோன்றும் கணத்தை எவரும் கண்ணாற் கண்டதில்லை. அது நட்சத்திரத்தின் ஆழத்தில் மிகக் குறுகிய நேரத்துள் நிகழ்ந்துவிடுகின்றது. ஆய்வுகூடத்தில் நட்சத்திரம் ஒன்றைச் செய்து பார்க்கவும் இயலாது. அவ்வாறாயின் அங்கு நடைபெறுவதை விஞ்ஞானிகள் எவ்வாறு அறிகின்றனர்?

இதற்குக் கையாளப்படும் முறை எண்முறை மாதிரியமைத்தல் எனப்படும். பௌதிக விதிகளைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைச் சிறுசிறு நேரப் படிகளிற் கணினி மூலம் தீர்த்தலே இதுவாகும். இதன் அடிப்படை, நீங்கள் கற்ற வேக - நேர வரைபிலேயே உள்ளது.

1. நட்சத்திரம் ஏன் வீழ்கின்றது?

நட்சத்திரத்தினுள் இரண்டு விளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. ஈர்ப்பு விசை சடப்பொருளை மையத்தை நோக்கி இழுக்கின்றது. சூடான வாயுவின் அமுக்கம் வெளிநோக்கித் தள்ளுகின்றது. ஐதரசன் கருக்கள் இணைந்து ஈலியமாகும்போது வெளிவரும் சக்தி இவ்வமுக்கத்தைப் பேணுகின்றது. சூரியனில் இன்று நடைபெறுவதும் இதுவே.

சூரியனைப் போல் ஏறத்தாழ 8 மடங்கிற்கு மேற்பட்ட திணிவுடைய நட்சத்திரங்களிற் கருவிணைவு காபன், ஒட்சிசன், சிலிக்கன் எனத் தொடர்ந்து இரும்பு வரை செல்லும். இரும்புக் கருக்களை இணைப்பதாற் சக்தி கிடைப்பதில்லை. எனவே மையத்தில் இரும்பு சேர்ந்துகொண்டே போகும். இம்மையப்பகுதியைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் இலத்திரன்களின் அமுக்கமாகும்.

அதற்கும் ஓர் எல்லையுண்டு. 1930 இல், சென்னையிற் பட்டப்படிப்பை முடித்த 19 வயது இளைஞரான சுப்பிரமணியன் சந்திரசேகர், இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்கையில் இத்தகைய எல்லை உண்டு எனக் கணித்தார். இதன் பெறுமானம் ஏறத்தாழ 1.4 சூரியத் திணிவுகளாகும். இது சந்திரசேகர் எல்லை எனப்படும்.

மையப்பகுதி இவ்வெல்லையை நெருங்கும்போது புரோத்தன்கள் இலத்திரன்களைக் கைப்பற்றி நியூத்திரன்களாகின்றன. அப்போது நியூத்திரினோ எனும் நுண்ணிய துணிக்கைகள் வெளியேறுகின்றன. இலத்திரன்கள் குறைய, அமுக்கமும் ஈடுகொடுக்க முடியாது போகின்றது. சில ஆயிரம் கிலோமீற்றர் விட்டமுடைய அப்பகுதி ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்திற் சில பத்துக் கிலோமீற்றராகச் சுருங்கிவிடும்.

2. படிப்படியாகக் கணித்தல்

இவ்வீழ்ச்சியைக் கணினி எவ்வாறு கணிக்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள, எளிய உதாரணம் ஒன்றைக் கருதுவோம். 80 மீற்றர் உயரத்திலிருந்து கல்லொன்று ஓய்விலிருந்து விடப்படுகின்றது. ஈர்ப்பு ஆர்முடுகல், வேகத்தை ஒவ்வொரு செக்கனிலும் செக்கனுக்கு 10 மீற்றரால் அதிகரிக்கச் செய்கின்றது எனக் கொள்க. 4 செக்கனில் அதன் வேகம் செக்கனுக்கு 40 மீற்றர் ஆகும். வேக - நேர வரைபின் கீழுள்ள முக்கோணியின் பரப்பளவு ½ × 4 × 40 = 80 மீற்றர். கல் 4 செக்கனில் நிலத்தை அடையும்.

கணினியோ வரைபைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் "படியின் தொடக்க வேகம் × படியின் நேரம்" என்பதைக் கணித்துக் கூட்டுகின்றது எனக் கொள்வோம்.

படி 1 செக்கன் எனின்: 0 + 10 + 20 + 30 = 60 மீற்றர். வழு 20 மீற்றர்.
படி 0.5 செக்கன் எனின்: 70 மீற்றர். வழு 10 மீற்றர்.
படி 0.25 செக்கன் எனின்: 75 மீற்றர். வழு 5 மீற்றர்.

படியை அரைவாசியாக்கும்போது வழுவும் அரைவாசியாவதை அவதானிக்க. சரியான விடை முன்கூட்டியே தெரியாத இடத்தில் இது மிகவும் பயனுள்ளதாகும். படியைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடை ஒரே பெறுமானத்தை நோக்கிச் செல்லுமாயின், கணித்தலில் நம்பிக்கை வைக்கலாம். அங்குமிங்கும் தாவுமாயின், அது நட்சத்திரத்தின் இயல்பன்று; கணித்தலின் குறைபாடாகும்.

3. நட்சத்திரத்தை ஓடுகளாகப் பிரித்தல்

கல்லுக்குப் பதிலாக இப்போது நட்சத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதனை வெங்காயத்தின் மடல்கள் போன்று, ஒன்றினுள் ஒன்றாக அமைந்த பல கோள ஓடுகளாகப் பிரிக்கலாம். ஒவ்வோர் ஓட்டிற்கும் திணிவு, ஆரை, வேகம், அடர்த்தி, வெப்பநிலை, அமுக்கம் என்பன பதியப்படும். பின்னர் ஒவ்வொரு நேரப் படியிலும் பின்வருவன மீண்டும் மீண்டும் செய்யப்படும்.

(அ) உள்ளேயுள்ள திணிவினால் ஓட்டின்மீது ஏற்படும் ஈர்ப்பைக் கணித்தல்.
(ஆ) அடுத்துள்ள ஓடுகளின் அமுக்க வேறுபாட்டைக் கணித்தல்.
(இ) இவற்றிலிருந்து ஆர்முடுகல், புதிய வேகம், புதிய ஆரை என்பவற்றைப் பெறுதல்.
(ஈ) புதிய அடர்த்தி, வெப்பநிலை, அமுக்கம் என்பவற்றைப் பெறுதல்.

4. கருந்துளையை இனங்காணல்

1939 இல் ஒப்பன்ஹைமர், சினைடர் ஆகியோர் அமுக்கமே இல்லாத கோளம் ஒன்றின் வீழ்ச்சியைக் கணினியின்றிச் சமன்பாடுகளால் தீர்த்தனர். "உண்மையான நட்சத்திரத்தில் அமுக்கம் உண்டே, அது வீழ்ச்சியைத் தடுக்காதா?" எனும் வினா எஞ்சியிருந்தது. 1966 இல் அமெரிக்காவில் மைக்கேல் மே, ரிச்சட் வைற் ஆகியோர் அமுக்கத்தையும் சேர்த்து, ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கைக்கமைய, ஓடுகளைக் கொண்டு கணினியிற் கணித்தனர். திணிவு போதியளவு பெரிதாயின் அமுக்கத்தாலும் வீழ்ச்சியை நிறுத்த முடியாது என்பது தெரியவந்தது.

வீழ்ந்த பொருள் கருந்துளையாகிவிட்டதா என்பதை அறியப் பின்வரும் தொடர்பு உதவுகின்றது.

எல்லை ஆரை = 2 × ஈர்ப்பு மாறிலி × திணிவு ÷ (ஒளியின் கதி)²

சூரியனின் திணிவிற்கு இது ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆகும். ஆரை திணிவிற்கு நேர்விகிதசமமானது. ஓர் ஓட்டின் ஆரை, அதனுள் அடங்கிய திணிவிற்குரிய எல்லை ஆரையிலும் குறையுமாயின், அங்கிருந்து ஒளியும் வெளியேறாது.

இங்கு ஒரு சிக்கல் எழுகின்றது. மையத்தில் அடர்த்தி எல்லையின்றி உயர்வதால் எண்கள் கட்டுக்கடங்காது பெருகிக் கணித்தல் நின்றுவிடும். எல்லைக்கு உள்ளிருந்து எதுவும் வெளிவர முடியாதாகையால், உள்ளே நடப்பது வெளியே உள்ளவற்றைப் பாதிக்காது. எனவே உட்பகுதியைக் கணித்தலிலிருந்து வெட்டி நீக்கிவிட்டு வெளிப்பகுதியைத் தொடரலாம். மையத்தில் நேரத்தை மெதுவாகவும் வெளியே விரைவாகவும் நகர்த்துவது மற்றொரு வழியாகும்.

5. வெடிக்க மறுத்த மாதிரிகள்

வீழும் எல்லா நட்சத்திரங்களும் கருந்துளையாவதில்லை. மையப்பகுதி அணுக்கருவின் அடர்த்தியை அடைந்ததும் விறைத்து, பந்து நிலத்திற் பட்டு எழுவது போல எழும்புகின்றது. அதனால் வெளிநோக்கிய அதிர்ச்சியலை ஒன்று உண்டாகும். அது நட்சத்திரத்தின் வெளிப்பகுதியை வீசியெறிந்தால், சுப்பர்நோவா வெடிப்பும் மையத்தில் நியூத்திரன் நட்சத்திரமும் கிடைக்கும்.

ஆனால் பல தசாப்தங்களாகப் பெரும்பாலான மாதிரிகளில் நட்சத்திரம் வெடிக்கவில்லை! இரும்புக் கருக்களை உடைப்பதிலும் நியூத்திரினோக்களை இழப்பதிலும் சக்தியைச் செலவிட்ட அதிர்ச்சியலை, மையத்திலிருந்து 100 - 200 கிலோமீற்றர் தொலைவில் நின்றுவிட்டது. வானத்திலோ சுப்பர்நோவாக்கள் வெடித்துக்கொண்டேயிருந்தன. எனவே மாதிரியில் ஏதோவொன்று விடுபட்டுள்ளது என்பது தெளிவாயிற்று.

நியூத்திரினோக்கள் இதிற் பெரும்பங்கு வகிக்கலாம் என 1966 இலேயே கோல்கேற், வைற் ஆகியோர் காட்டியிருந்தனர். வெளியேறும் நியூத்திரினோக்களில் ஒரு சிறு பகுதி உறிஞ்சப்பட்டு, அலையின் பின்னாலுள்ள வாயுவைச் சூடாக்குவதால் நின்ற அலை மீண்டும் உயிர்பெறலாம் என 1985 இல் பெத்தே, வில்சன் ஆகியோர் விளக்கினர். ஆயினும் கோள ஓடுகளாலான மாதிரிகளில் இதுவும் பெரும்பாலும் போதவில்லை. காரணம் யாது? கொதிக்கும் பருப்பில் அடியிலுள்ளது மேலெழுந்து மேலுள்ளது கீழிறங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இது மேற்காவுகை. ஓடு முழுவதும் ஒன்றாக நகரும் மாதிரியில் மேற்காவுகைக்கு இடமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பரிமாணங்களிற் கணிக்கத் தொடங்கிய பின்னரே பல மாதிரிகள் வெடிக்கலாயின. அலை உயிர்பெறாதவிடத்து, சடப்பொருள் தொடர்ந்து வீழ்ந்து மையம் கருந்துளையாகின்றது.

6. மாதிரியைச் சோதித்தல்

1987 பெப்ரவரி 23 ஆந் திகதி, ஏறத்தாழ 168,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள பெரிய மகெல்லன் முகிலில் நிகழ்ந்த சுப்பர்நோவாவின் நியூத்திரினோக்கள் பூமியை அடைந்தன. யப்பான், அமெரிக்கா, சோவியத் யூனியன் ஆகிய நாடுகளின் உணரிகள் ஏறத்தாழ 25 ஐப் பதிவு செய்தன. ஒளி வந்து சேர்ந்தது சில மணி நேரத்தின் பின்னரே. நியூத்திரினோக்கள் காவிய சக்தியும் அவை வந்த நேர அளவும் மாதிரிகள் கூறியவற்றுடன் பெரிதும் பொருந்தின.

கருந்துளையின் பிறப்பிற்கும் மாதிரிகள் ஓர் அடையாளத்தைத் தருகின்றன. நியூத்திரினோக்கள் வந்துகொண்டிருக்கையில், அவற்றின் வருகை சடுதியாக அறுந்துவிடும். அக்கணமே கருந்துளை தோன்றிய கணமாகும். எமது பால்வீதியில் நட்சத்திரம் ஒன்று வீழ்ந்து கருந்துளையாகும்போது இக்கணிப்பைச் சோதிக்கலாம்.

நினைவிற் கொள்க

• சூரியனின் திணிவு போதாமையால் அது கருந்துளையாக மாறாது.
• படியைச் சிறிதாக்கியும் விடை மாறாதிருத்தல் நல்ல கணித்தலின் அடையாளம்.
• சரியான கணித்தல் வேறு, சரியான மாதிரி வேறு. முன்னையதைப் படியைச் சிறிதாக்கிச் சோதிக்கலாம். பின்னையதை அவதானத்தாலேயே சோதிக்கலாம்.
• அவதானத்துடன் பொருந்தாத மாதிரி வீணானதன்று. விடுபட்டது எதுவெனத் தேடவைப்பது அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. 10 சூரியத் திணிவுடைய கருந்துளையின் எல்லை ஆரை யாது?
2. கல்லின் உதாரணத்தில் 1 செக்கன் படியில் விடை 80 மீற்றரிலும் குறைந்தது ஏன்? வரைபின் உதவியுடன் விளக்குக.
3. படி 0.125 செக்கன் எனின் எதிர்பார்க்கத்தக்க வழு யாது?
4. கோள ஓடுகளாலான மாதிரியில் மேற்காவுகையைக் காட்ட முடியாதது ஏன்?

விடைகள்: (1) ஏறத்தாழ 30 கிலோமீற்றர். (3) 2.5 மீற்றர். ஏனையவற்றை உமது சொந்த வசனங்களில் எழுதி ஆசிரியரிடம் காட்டுக.