பெயர் சொல்லத் திக்கும் பிள்ளை

தரம் 8 வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு மகனிடம் பெயர் கேட்டேன். முதல் எழுத்திலேயே உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக்கினான், கழுத்து நரம்பு புடைத்தது. பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள். நானும் என் பங்குக்கு, "அவசரப்படாம, மூச்செடுத்துச் சொல்லுங்க மகன்" என்றேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன். அடுத்த மூன்று நாளும் அவன் பாடசாலைக்கு வரவில்லை.

நாலாம் நாள் உம்மா வந்தா. "பாண் வாங்க அனுப்பினா ரொட்டி வாங்கிட்டு வாறான் சேர். கேட்டா, பாண் முடிஞ்சிட்டாம் எண்டு பொய் சொல்றான்."

அது பொய்யல்ல, தப்பும் வழி. திக்குபவர்கள் வராத சொல்லை விட்டு வருகிற சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். சொந்தப் பெயரை மட்டும் மாற்ற முடியாது. அதனால்தான் பலருக்கு அதுவே ஆகக் கஷ்டமான சொல்.

கொன்னை என்று நாம் சொல்கிற இந்தத் திக்குவாயில் எழுத்து திரும்பத் திரும்ப வரலாம், இழுபடலாம், அல்லது ஒலியே வராமல் அடைத்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டியது மனதில் தயாராகவே இருக்கும். தொல்காப்பியப் பிறப்பியலை மனப்பாடம் செய்துதான் பட்டம் எடுத்தேன். எழுத்துப் பிறக்கிற இடமெல்லாம் தெரியும், பிறக்க மறுக்கிற பிள்ளையின் பாடு தெரியாமற் போயிற்று.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் இது தொடங்கும். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 5 பேர் இதைக் கடந்து வருகிறார்கள். பெரும்பாலானோருக்குத் தானாகவே மாறிவிடும். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவரளவில் நிலைத்திருக்கும், ஆண்களில் அதிகம். பரம்பரைக்கும், பேச்சை நேரப்படுத்தும் மூளையின் செயற்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. பயம் இதை உண்டாக்குவதில்லை, கூட்டிவிடும். புத்திக்குறைவுமல்ல. வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொல்வோர் உண்டு. கோளாறு நாக்கில் இருந்தாலல்லவா!

மத்ரஸாவில் எல்லோரோடும் சேர்ந்து ஓதும்போது அவன் திக்குவதே இல்லை. "அப்ப வேணுமெண்டுதானே செய்றான்?" என்று ஒருவர் கேட்டார். இல்லை. கூட்டாக ஓதும்போதும் பாடும்போதும் பெரும்பாலானோருக்குத் திக்கல் விட்டுவிடும். தனியே ஓத நின்றால் திரும்ப வரும். சிரமப்பட்டுத் தடுமாறி ஓதுபவருக்கு இரு கூலி என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது; பிரம்பைத் தூக்கும் முன் உஸ்தாத்மார் அதை நினைக்கட்டும். நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி மூஸா நபி (அலை) கேட்ட துஆ ஸூரா தாஹாவில் உண்டு. ஸூரா ஸுக்ருஃபில் அவர்களின் பேச்சை ஏளனம் செய்கிறவன் யார்? பிர்அவ்ன். சிரிக்கிற பின்வாங்குக்கு இதை நான் சொல்லிக் காட்டினேன்.

நாம் செய்யக்கூடியது பெரிதல்ல. சொல்லை நாம் முடித்துக் கொடுக்கக் கூடாது. மூச்செடு, மெதுவாகச் சொல் என்ற என்னுடைய புத்திமதியும் வேண்டாம். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, அவன் சொல்லி முடிக்குமட்டும் காத்திருந்தால் போதும். வேண்டுமானால் நாம் மெதுவாகப் பேசலாம். சத்தமாக வாசிக்கச் சொல்வதா வேண்டாமா என்பதைத் தனியே கூப்பிட்டு அவனிடமே கேட்கலாம். வாய்மொழிப் பரீட்சையில் நேரம் கூட்டிக் கொடுக்கலாம்.

சின்னப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், அல்லது பேசவே பயந்தால், "வளர வளரச் சரியாகும்" என்று இருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிகளில் உள்ள பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். முற்றாக மாறாவிட்டாலும் பேச்சு இலகுவாகும். தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் நம் நாட்டில் குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இதற்கெனப் பட்டப்படிப்பு இருக்கிறது. டொக்டர், எஞ்சினியர் என்றே உயர்தரப் பிள்ளைகளை விரட்டுகிறோம். இதையும் அவர்கள் காதில் போட்டால் என்ன?

இப்போது எங்கள் வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது கை உயர்த்தினால் போதும், எல்லோருக்கும்தான். போன கிழமை கல்விப் பணிமனையிலிருந்து வந்தவர் அவனிடம் பெயர் கேட்டார். சொல்லி முடிக்க நேரம் எடுத்தது, பின்வாங்கில் சத்தமில்லை. பாண் வாங்க மட்டும் இன்னும் போகிறானில்லை என்கிறா உம்மா.