உப்புக் காற்றில் நிற்கும் கோவில்கள்

மரக்காணத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால் உப்பளப் பாத்திகள் முடிந்து சவுக்குத் தோப்புகள் தொடங்கும். பொம்மையார்பாளையத்தில் மேற்கே திரும்பி மேடேறினால் குயிலாப்பாளையத்துச் செம்மண். அங்கிருந்து புதுச்சேரி ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். இந்த வழி நெடுக வீசுவது ஒரே உப்புக் காற்றுதான். இரும்புக் கதவு சீக்கிரமே துருப்பிடிக்கும். சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பூசி நாலைந்து மழைக்காலம் ஆவதற்குள் சிமெண்டுப் பூச்சு பொருக்குப் பொருக்காகப் பெயரும். வீடு கட்டிய எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

அதே காற்றில்தான் புதுச்சேரி மிஷன் வீதியின் சம்பா கோவில் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது.

பழைய தேவாலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், எத்தனை அடி உயரம், எந்த ஆண்டு கட்டியது என்று கேட்கிறார்கள். இவற்றோடு ஒரு கொத்தனாரின் கேள்விகள் மூன்றையும் சேர்த்துக்கொண்டால் கட்டடம் இன்னும் நிறையச் சொல்லும். கூரையின் பாரம் எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது? ஈரத்தையும் உப்பையும் சுவர் எப்படிச் சமாளிக்கிறது? வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? புதுச்சேரியின் மூன்று பெரிய மாதா கோவில்களும் இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்கின்றன.

மறுபடி மறுபடி எழுந்த கோவில்

சம்பா கோவில் என்று ஊரார் அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயம், இயேசு சபையினர் தொடங்கியது. 1692இல் எழுந்த முதல் கோவில், அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அழிந்தது. பின்னால் கட்டியதும் நிலைக்கவில்லை. 1728இல் தொடங்கி 1736இல் முடித்த பெரிய கோவிலை, 1761இல் நகரத்தையே தரைமட்டமாக்கிய ஆங்கிலேயப் படை இடித்துத் தள்ளியது. அந்த இடிபாட்டின் மேல் எழுந்து 1791இல் அர்ச்சிக்கப்பட்டதே இன்றைய கட்டடம்.

அதன் முகப்பில் தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கின்றன. கீழ்த்தளத்துத் தூண்கள் தலைப்பில் அலங்காரம் இல்லாத டோரிக் வகை. மேல்தளத்தில் சுருள் தலைப்புக் கொண்ட அயோனிக் வகை. கனமாகத் தெரிவது கீழே, மெலிதாகத் தெரிவது மேலே என்பது ஐரோப்பியச் செவ்வியல் கட்டடங்களின் பழைய ஒழுங்கு. உள்ளே நீளவாக்கில் அரைவட்ட வளைகூரையும் நடுவில் குவிமாடமும் இருக்கின்றன. குவிமாடத்தில் விட்ட வட்டத் திறப்புகளின் வழியே வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது. வளைகூரை தன் பாரத்தைக் கீழே மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தாங்கவே சுவர்களுக்கு அத்தனை தடிமன்.

கட்டடக்கலையில் சுவர் தாங்குவதற்கு மட்டும் எழுவதில்லை, பிரிப்பதற்கும் எழும். முந்தைய சம்பா கோவிலுக்குள்ளே பறையர்களைத் தனியே உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் போய் முறையிட்டதையும், அந்தச் சுவர் இடிக்கப்பட்டதையும், அதையொட்டி எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கோவிலின் அழகைப் பேசும்போது அதற்குள் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கிளிஞ்சலில் பிறந்த பளபளப்பு

கடற்கரையை ஒட்டிய துய்மா வீதியில், வங்கக் கடலைப் பார்த்து நிற்கிறது தூய தேவதூதர்களின் அன்னை ஆலயம். கப்புச்சின் துறவிகளின் கோவில் என்பதால் ஊரார் வாயில் அது கப்ஸ் கோவில். இப்போதுள்ள கட்டடம் 1855இல் எழுந்தது. உள்ளே பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அன்பளிப்பாகத் தந்த மாதா ஓவியம் இருக்கிறது. இன்றும் இங்கே பிரெஞ்சு மொழியிலும் திருப்பலி நடக்கிறது.

உள்ளே நுழைபவர்கள் சுவரையும் தூண்களையும் பளிங்கு என்றே நினைப்பார்கள். ஆனால் அது சுண்ணாம்புப் பூச்சு. கடற்கரையிலும் கழிமுகத்திலும் அள்ளிய கிளிஞ்சல்களைச் சூளையில் சுட்டு, தண்ணீரில் நீற்றி, மணல் சேர்த்து, கல் செக்கில் அரைத்து, புளிக்க வைத்து எடுப்பது கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. கடைசிப் பூச்சுக்கு வெண்ணெய் போல அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் பளபளப்பு வருகிறது. வெள்ளைக்காரர்கள் இதற்கு வைத்த பெயர் மெட்ராஸ் சுண்ணாம்பு. பிரெஞ்சுப் புதுச்சேரியிலும் அதே கைவேலைதான்.

வேதியியல் கணக்கு எளிது. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளை அதிலிருந்து கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. பூசிய பிறகு சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல உறிஞ்சி மறுபடி கார்பனேட்டாக இறுகுகிறது. இதற்கு ஆண்டுக்கணக்காகும். அதுவரை கட்டடம் கொஞ்சம் அசைந்தாலும் காரை இணங்கிக் கொடுக்கும்.

உப்புக் கேள்விக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாகிறது. படிகம் வளர வளரச் சுற்றியுள்ள துளைகளை நெருக்கி உடைக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு பருத்திச் சட்டை மாதிரி, ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பூச்சின் மேல்பரப்பில் பூக்கும். உதிர்வது பூச்சாக இருக்கும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகிறது. அப்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, செங்கல் பொடியாக உதிர்கிறது.

24 தூண்கள், 28 புனிதர்கள்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவில் பாரம் வேறு வழியில் இறங்குகிறது. 1902இல் தொடங்கி 1907 டிசம்பரில் திறக்கப்பட்ட இது கோதிக் பாணிக் கட்டடம். 2011இல் பசிலிக்கா என்ற உயர்வு கிடைத்தது.

கோதிக் என்றதும் கண்ணில் படுவது மேல்முனை கூரான வளைவு. அது அழகுக்காக மட்டும் வந்த வடிவமல்ல. அரைவட்ட வளைவை விடக் கூர்வளைவு பாரத்தைச் செங்குத்தாகக் கீழே இறக்கும். பக்கவாட்டுத் தள்ளல் குறையும். கூரையின் பாரம் விலா எலும்புகள் போன்ற வரிகள் வழியாகத் தூண்களில் சேர்கிறது. இந்தப் பசிலிக்காவைத் தாங்குபவை 24 பெரிய தூண்கள். பாரம் தூணுக்குப் போய்விட்டால் இரண்டு தூணுக்கு நடுவிலுள்ள சுவர் விடுதலை பெறுகிறது. அங்கே கண்ணாடி வைக்கலாம். 28 புனிதர்களின் உருவங்கள் கொண்ட வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் இங்கே இடம்பெற்றது அப்படித்தான். பிரான்சின் பேராலயங்களில் கல்லில் செய்ததை, கடலுக்கு அரை மணி நடை தூரம்கூட இல்லாத மணல் தரையில் உள்ளூர்க் கைகள் செய்து காட்டின.

மணல் தரை என்பதே பெரிய சவால். சென்னை எழும்பூரின் புனித ஆந்திரேயா கோவிலைக் கட்டிய தாமஸ் டி ஹாவிலண்ட், இளகிய மண்ணில் வரிசையாகக் கிணறுகள் இறக்கி அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார். கிணற்று அஸ்திவாரம் நம் ஊர்க் கட்டுமானக்காரர்களுக்குப் பழகிய முறை. 1821இல் திறக்கப்பட்ட அந்தக் கோவிலின் வட்டக் குவிமாடத்தை 16 தூண்கள் இன்றும் தாங்குகின்றன. கரையானுக்கு அஞ்சிக் கூரையில் மரத்தைத் தவிர்த்து, செங்கல்லையும் சுண்ணாம்பையும் நம்பிக் கட்டிய குவிமாடம் அது.

புதுச்சேரி வழியாகப் போன புதுமை

நவீன தேவாலயங்களின் கதையிலும் புதுச்சேரிக்கு ஓர் இடமுண்டு. ஜப்பானின் கருயிசாவாவில் 1935இல் மரத்தாலான புனித பவுல் ஆலயத்தைக் கட்டிய அந்தோனின் ரேமண்ட், அடுத்துப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்குக் கோல்கொண்டா என்ற விடுதியை வடிவமைத்தார். இந்தியாவின் முதல் நவீன கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது. சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள், வெயிலை மறைத்துக் கடல் காற்றை உள்ளே விடும். வேலையை நேரில் நின்று நடத்திய ஜார்ஜ் நகாஷிமா ஆசிரமத்திலேயே தங்கி, அரவிந்தரிடம் சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். பிற்காலத்தில் மரச்சாமான்களுக்காக உலகப் புகழ் அடைந்த அவர், கியோத்தோவின் கட்சுராவில் கிறிஸ்து அரசர் ஆலயத்தையும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஒரு துறவு மடத்தின் மண் சுவர் ஆலயத்தையும் வடிவமைத்தார்.

நவீன ஆலயங்களில் அலங்காரம் குறைந்தது. வெளிச்சம் மேலும் முக்கியமானது. பிரான்சின் ரோன்ஷாம்ப்பில் 1955இல் லெ கார்பூசியே கட்டிய சிற்றாலயத்தில், தடித்த சுவரில் சிறிதும் பெரிதுமாகச் சிதறிய துளைகள்தான் சன்னல்கள். ஒசாகா அருகே ததாவோ ஆண்டோ 1989இல் கட்டிய ஆலயத்தில், கான்கிரீட் சுவரில் வெட்டிய சிலுவை வடிவ இடைவெளி வழியாக வெளிச்சமே சிலுவையாகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் லாரி பேக்கர் 1971இல் கட்டிய லொயோலா சிற்றாலயம் இதைச் செங்கல்லில் சாதித்தது. இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சல்லடைச் சுவர் வழியாக வெளிச்சமும் காற்றும் சேர்ந்தே வருகின்றன. பூச்சு இல்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. கோவிலுக்கு வேண்டிய அமைதி குறையவும் இல்லை.

குயிலாப்பாளையத்தை ஒட்டிய ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், உள்ளூர்ச் செம்மண்ணில் சிறிதளவு சிமெண்டு கலந்து அழுத்திய கற்களால் வளைகூரைகளையும் குவிமாடங்களையும் கட்டக் கற்றுத்தருகிறது. கூரைக்குக் கம்பி வேண்டியதில்லை. உப்புக் காற்று வீசும் ஊரில் இது பெரிய ஆறுதல். கான்கிரீட்டுக்குள் உப்பு நுழைந்தால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

பழுது பார்க்கும் முன்

கடற்கரைச் சாலையில் 1870களில் நகர மன்றமாக எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் புதுச்சேரி மறக்கவில்லை. பின்னர் பழைய தோற்றத்தில் அதை எழுப்பினார்கள். ஆனால் பழைய காரையும் பழைய கைவேலையும் போனது போனதுதான்.

கடலோரக் கிராமங்களில் சுண்ணாம்பில் கட்டிய சிறிய மாதா கோவில்கள் இன்னும் இருக்கின்றன. திருவிழா நெருங்கும்போது பங்குமக்கள் நிதி திரட்டிப் புதுப்பிக்கிறார்கள். அந்த அன்பு பெரியது. அது சரியான பொருளில் செலவாக வேண்டும். உதிர்ந்த இடத்தில் சிமெண்டு பூசுவதும், அதன் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பதும், அடிச்சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவதும் ஈரத்தை உள்ளே பூட்டி, பத்து ஆண்டுக்குள் பெரிய செலவைக் கொண்டுவரும். முதலில் கூரை ஒழுகலை நிறுத்த வேண்டும், சுவரடியில் தண்ணீர் தேங்காமல் வடிகால் வெட்ட வேண்டும், பிறகு சுண்ணாம்பிலேயே பூசி வெள்ளையடிக்க வேண்டும். புதுச்சேரியில் பல பத்தாண்டுகளாகப் பழைய கட்டடங்களைக் காத்துவரும் இன்டாக் அமைப்பு ஆலோசனை சொல்லும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரு பங்கு அவர்களுக்கு வேலை கொடுத்தால், கூட நின்று கலக்கும் இளைஞர்கள் இரண்டு பேராவது அதைக் கற்றுக்கொள்வார்கள்.