கரட்டுப் பாதைக்குப் பிக்கப் வண்டி: சிக்கனமான வில் சீரமைப்பு

விளைபொருளைத் தோட்டத்திலிருந்து கிடங்குக்கும், நூற்சிப்பங்களைக் கிடங்கிலிருந்து தறி வீடுகளுக்கும் கொண்டு செல்லப் பிக்கப் வண்டி வைத்திருக்கும் சங்கங்களில், வண்டி சில ஆண்டுகள் ஓடியதும் நிர்வாகக் குழுவின் முன் ஒரு கோரிக்கை வருவதுண்டு. வண்டி பள்ளத்தில் தட்டுகிறது, பின்பக்கம் இறங்கிவிட்டது, நாலு அங்குலம் உயர்த்திக் கட்டினால் எந்தப் பாதையிலும் போகலாம் என்பதே அது. ஓட்டுநர் கூறும் குறை பெரும்பாலும் உண்மையே. ஆனால் அவர் கேட்கும் மருந்து அந்நோய்க்கு உரியதன்று. வில் அமைப்பைச் செம்மை செய்வது வேறு. வண்டியை உயர்த்துவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் சங்கத்தின் பணம் வீணாவதோடு, சரிவில் ஆளுக்கே ஆபத்து நேரவும் கூடும். ஆகையால் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக அறிந்திருத்தல் நலம்.

பிக்கப் வண்டிகளின் பின்புறத்தைப் பெரும்பாலும் கமான் பட்டைகளே தாங்குகின்றன. முன்புறம் வண்டிக்கு வண்டி மாறும். இன்றைய டொயோட்டா ஹைலக்ஸ், இசுஸு டி-மேக்ஸ் ஆகியவற்றின் முன்சக்கரங்கள் சுருள் வில்லின்மேல் தனித்தனியே இயங்குவன. பழைய மஹிந்திரா ஜீப்புகளிலோ நான்கு மூலைகளிலும் பட்டைதான். பட்டை அடுக்கின் ஒரு முனை சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனை ஷாக்கிள் என்னும் ஊஞ்சற் கொண்டியில் ஆடும். சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளுவதால், அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதே ஊஞ்சலின் வேலை. இரு முனைகளிலும் ரப்பர் புஷ்கள் உண்டு. அடுக்கின் நடுவே சென்டர் போல்ட் துளைத்து நிற்க, யூ போல்ட்டுகள் அதை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும். பட்டை சுமையைத் தாங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் துள்ளலாகத் திருப்பித் தராதபடி அடக்குவது ஷாக் அப்ஸார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்பட்டு, ஆட்டத்தின் வேகம் சூடாக மாறிக் கழிகிறது.

இப்பட்டைகள் முழுச் சுமையை எண்ணிச் செய்யப்பட்டவை. ஒரு டன்னுக்கு மேல் தாங்கச் செய்த பட்டை நாலு கூடைத் தக்காளியை எங்கே மதிக்கப் போகிறது? வெறும் வண்டியும் அரைச் சுமை வண்டியும் துள்ளுவதற்கு இதுவே காரணம். பின் அச்சுக்கு மேலும் அதற்குப் பின்னாலும் வைத்த கூடைகளே அதிகம் அடிபடும். நசுங்கும் பொருளை ஓட்டுநர் அறையை ஒட்டி முன்னால் வைத்துக் கட்டுவதற்குக் காசு செலவில்லை. வீடு சேரும் பழத்தின் தரத்திலே வித்தியாசம் தெரியும்.

இனி, உயர்த்துவதைப் பற்றி. பாதையின் நடுமேட்டில் முதலில் இடிப்பது எது? பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிபரென்ஷியல் கூடு. அது அச்சோடு சேர்ந்தது. அச்சு சக்கரத்தோடு சேர்ந்தது. பட்டையை எவ்வளவு வளைத்தாலும், இடையே எவ்வளவு கட்டை வைத்தாலும், உயர்வது சட்டமும் மேற்கூண்டுமே தவிர டிபரென்ஷியல் அன்று. அதைத் தரையிலிருந்து உயர்த்த வல்லது பெரிய டயர் ஒன்றே. அதுவும் டயரின் விட்டம் 5 சென்டிமீட்டர் கூடினால் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதற்கு விலையாக, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், மேட்டில் இழுவை குறையும், பிரேக்கின் பிடிப்பும் அந்த அளவுக்குத் தளரும். பின் அச்சு இடிக்கிறது என்பதற்காகப் பட்டைக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றுமுன் குழுவினர் ஒருமுறை வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது நன்று.

வண்டி பழைய உயரத்தை இழந்து இறங்கியிருந்தால் அது வேறு விஷயம். அப்பொழுது வேண்டுவது மீட்பு, ஏற்றம் அன்று. அதைச் செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செலவே இல்லாதது டயர்க் காற்று. வெறும் வண்டி கல்லும் மணலுமான பாதையில் மெதுவாகச் செல்கையில், குறித்த அழுத்தத்தில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்தால் டயரே ஒரு வில்லாகிக் கற்களை விழுங்கும்; மணலில் பிடிப்பும் கூடும். ஆனால் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பிவிட வேண்டும். சுமை வண்டியில் இதைச் செய்யவே கூடாது. டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். ஆகவே ஒரு காற்றளவு மானியும் சிறு காற்றடிப்பானும் வண்டியிலேயே இருத்தல் அவசியம்.

அடுத்தது புஷ்கள். கடப்பாரையை நுழைத்து நெம்பிப் பார்த்தால் தேய்ந்த புஷ் ஆட்டம் காட்டும். "வண்டி தட்டுகிறது" என்பதில் பாதிக்கு மேல் இதுவாகவே இருக்கக் காணலாம். புதிய ரப்பர் புஷ்ஷைப் பொருத்தும்போது ஒரு விதி உண்டு. பல பட்டறைகளில் அதை மறந்துவிடுகிறார்கள். ஜாக்கியில் தொங்கும் நிலையில் ஊசிகளை இறுதியாக முறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பின்பே முறுக்க வேண்டும். இல்லாவிடில் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பிடிபட்டுச் சீக்கிரம் கிழிந்துபோகும்.

மூன்றாவது ஷாக் அப்ஸார்பர். எண்ணெய் கசிந்திருந்தால் சோதனையே வேண்டாம். கசியாவிட்டாலும், கரட்டுப் பாதையில் அரைமணி நேரம் ஓட்டி நிறுத்திக் கையால் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். உழைத்தது சூடாக இருக்கும், செத்தது குளிர்ந்திருக்கும். நீண்ட கரட்டுப் பாதையில் சாதாரண வகையின் எண்ணெய் நுரைத்து வலுவிழக்கும். நைட்ரஜன் வாயு நிரப்பிய வகையில் நுரைப்பு குறைவு. கையில் உள்ள பணத்தில் ஒன்றை மட்டும் உயர்ந்த தரத்தில் வாங்கலாம் என்றால் இதையே வாங்குமாறு சொல்வேன். நீளம் மட்டும் பழையதற்கு ஒத்திருக்க வேண்டும்.

இவற்றுக்குப் பிறகே பட்டை. ஒரே தடிப்புள்ள ஐந்து பட்டைகளோடு அதே தடிப்பில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் தடிப்பைக் கூட்டினாலோ கணக்கு வேறு. பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப உயரும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் வைத்தால் அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. "ஒரு நூல் கனமாகப் போடுங்கள்" என்று சொல்வது எளிது. பலன் அவ்வளவு எளிதன்று. பாவு அளவுக்கு மீறி இறுகினால் இழை அறும் என்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. விறைத்த பட்டையிலும் அப்படியே. சக்கரம் பள்ளத்தைத் தொடராமல் அந்தரத்தில் நிற்கும், அதிர்ச்சி சட்டத்தைத் தாக்கும். எப்பொழுதும் பாரம் ஏற்றும் வண்டிக்குப் பட்டை கூட்டலாம். ஒருவழி வெறுமையாகத் திரும்பும் வண்டிக்கு, சுமை ஏறியபின் மட்டும் முட்டித் தாங்கும் அடிப்பட்டையே ஏற்றது. எத்தனை பட்டை சேர்த்தாலும் அனுமதிக்கப்பட்ட சுமை ஒரு கிலோகூடக் கூடுவதில்லை. அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே.

தளர்ந்த பட்டைக்கு வளைவு ஏற்றிக் கொடுக்கும் பட்டறைகள் நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் ஊர்களில் உண்டு. பழைய பட்டையில் நல்ல அரிவாள் அடிக்கலாம் என்பதை நாம் அறிவோம். அத்துணை நல்ல எஃகு அது. ஆனால் அதன் குணம் பதத்தில் இருக்கிறது. வாயுச் சுடரால் ஓரிடத்தைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் பதம் போய்விடும். பட்டை சில மாதங்களில் மீண்டும் படியும், அல்லது ஒடியும். குளிர்ந்த நிலையில் தட்டி வளைக்க வேண்டும், அல்லது முழுதும் காய்ச்சி முறைப்படி எண்ணெயில் தோய்த்துப் பதமேற்ற வேண்டும். முறிந்த பட்டையைப் பற்றவைத்துத் தருகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை உடனே ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். பட்டையைப் பிரித்த சமயத்திலேயே துருவைச் சுரண்டிக் கிராபைட் கிரீஸ் தடவினால், துருவால் ஒட்டிக் கிடந்த அடுக்கு மறுபடி நெகிழ்ந்து வேலை செய்யும்.

இனி ஆபத்தான சிக்கனங்கள். ஷாக்கிளை நீட்டுவது மலிவு. 5 சென்டிமீட்டர் நீட்டினால் இரண்டரை சென்டிமீட்டர் உயரும். கூடவே அச்சின் சாய்வு மாறும். முன் அச்சானால் திருப்புமானம் கெடும். அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை வைப்பதை முன் அச்சில் செய்யவே கூடாது. எவ்விதத்தில் உயர்த்தினாலும் பிரேக் ரப்பர்க் குழாய் இழுபடுகிறதா, புரொப்பெல்லர் ஷாப்ட்டின் மூட்டு அளவுக்கு மீறி மடிகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றினும் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. பல பிக்கப் வண்டிகளில், பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு, சட்டத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டு சுமையை அறிந்து பின் பிரேக்கின் வலுவைக் கூட்டிக் குறைக்கிறது. வண்டியை உயர்த்தினால் தூரம் கூடும். சுமை இல்லை என்றே வால்வு முடிவு செய்யும். பாரத்தோடு இறங்கும் வண்டியின் பின் பிரேக் அரைகுறையாகவே பிடிக்கும். 70 கொண்டையூசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் பலாவும் வாழையும் ஏற்றி இறங்கும் வண்டியில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

கவிழும் கணக்கையும் பார்ப்போம். உதாரணமாக, இடவலச் சக்கரங்களுக்கிடையே 150 சென்டிமீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் என்று கொள்க. நின்ற வண்டி ஏறத்தாழ 43 பாகை சாய்ந்தால் கவிழும். 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் 40 பாகை. அதன்மேல் தார்களை உயர அடுக்கி மையம் 120 சென்டிமீட்டருக்குப் போனால் 32 பாகையே மிஞ்சும். இது வில் நெகிழாத, ஓடாத வண்டிக்கு உரிய கணக்கு. வளைவில் ஓடும்போது இன்னும் குறையும். சுமையின்மேல் ஆட்களும் அமர்ந்திருந்தால் அவர்கள் விழும் பக்கம் பள்ளத்தின் பக்கமே.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தேய்ந்ததை அதே அளவில் புதுப்பிப்பதற்கு இத்தடை இல்லை. உயர்த்திக் கட்டிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கோரிக்கைக்கு அது இடையூறாகலாம். நஷ்டம் சங்கத்தின் தலையில் விழும்.

வேலை முடிந்து வண்டியைப் பெறும்போது யூ போல்ட்டுகள் புதியனவா என்று கேளுங்கள். ஒருமுறை இறுக்கி நீண்ட பழையவற்றை மீண்டும் போடலாகாது. புதியவையும் சுமையோடு சென்ற முதற் பயணத்திலேயே சற்றுத் தளரும். தளர்ந்தால் பட்டை நகர்ந்து சென்டர் போல்ட்டை அறுக்கும், அச்சே கோணிக்கொள்ளும். ஆகையால் முதற் பயணம் முடிந்ததும் ஒருமுறை, மாதம் கழித்து ஒருமுறை, குறித்த விசையில் முறுக்கச் செய்து, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் வண்டிப் புத்தகத்தில் எழுதி ஓட்டுநரின் கையொப்பம் வாங்கிக்கொள்ளவும்.