கடைசியாக எந்த லிங்கம் பார்த்தீர்கள்?

சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கிறோம். ராஜகோபுரத்தில் தொடங்கிய நடை, அடி அண்ணாமலை வரும்போது பாதியைத் தாண்டிவிடுகிறது. மொத்தம் 14 கிலோமீட்டர், வெறுங்கால். இந்த டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் உட்காருவோம். பொழுது சாய்ந்தும் சாலை இன்னும் சுடுகிறதே, அதிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

நடக்கும்போது நம் தசையெல்லாம் அடுப்பு. எரிகிற சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் நடையாகிறது, மீதி சூடு. அதை வெளியேற்ற உடம்பு செய்வது மண்பானை செய்கிற வேலைதான். பானை வியர்க்கிறது, அந்த ஈரம் ஆவியாகிறபோது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. புழுக்கமான நாளில் பானைத் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது, கவனித்திருப்பீர்கள். காற்று நுழையாத கூட்டத்தின் நடுவே நாமும் அப்படித்தான். வேர்வை வழிந்து தரையில் சொட்டும், சூடு உள்ளேயே தங்கிவிடும்.

கோடையில்தான் இது நடக்கும் என்றும் இல்லை. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகசம் பார்க்கக் கூடிய கூட்டத்தில், வெயிலிலும் நெரிசலிலும் 5 பேர் இறந்தார்கள். அதே மாதத்தில்தான் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

சூடு உள்ளே தங்கினால் முதலில் தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு, கண்ணைக் கட்டுகிற மாதிரி ஒரு சோர்வு வரும். இதுவரைக்கும் உடம்பு சமாளித்துக்கொண்டிருக்கிறது. நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்புப் போட்ட மோரோ உப்புச்சர்க்கரைக் கரைசலோ கொடுத்தால் பெரும்பாலும் அரை மணியில் தெளிந்துவிடுவார்.

மூளை தடுமாறினால் கதை வேறு. அதைக் கண்டுபிடிக்க, பாதை நெடுக வரும் லிங்கங்களை வைத்து ஒரு கேள்வி போதும். “கடைசியா எந்த லிங்கம் பார்த்தீங்க?” இந்த இடத்தில் சரியான பதில் வருண லிங்கம். முதல்முறை வந்தவராக இருந்தால் “யார்கூட வந்தீங்க?” என்று கேளுங்கள். பதில் குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். இதுதான் வெப்பத்தாக்கு. தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, நடந்து வந்தவருக்கு வேர்வை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது தலையோடு தண்ணீர் ஊற்ற வேண்டும். அங்கேதான் கூட்டத்தில் ஒரு கை நம்மைத் தடுக்கும். “சூடா இருக்கிற உடம்புல பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, ஜன்னி கண்டுடும்!” அன்பான கைதான். ஆனால் ஜன்னி என்று நம் பாட்டிமார் சொன்னது எதை? உடம்பு கொதித்து ஆள் பிதற்றுவதை. தண்ணீர் ஊற்றினால் வந்துவிடும் என்று நாம் பயப்படுகிற அது, இவருக்கு முன்பே வந்தாயிற்று. கொண்டுவந்தது சூடு. அதைத் தணிக்கக் கையில் இருக்கிற ஒரே மருந்தைத்தான் பயந்து தள்ளி வைக்கிறோம். வைத்துவிட்டு, அதே தண்ணீரை நினைவில்லாதவர் வாயில் ஊற்றுகிறோம். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

காய்ச்சல் மாத்திரையும் உதவாது. காய்ச்சல் என்பது இஸ்திரிப் பெட்டியின் திருகை மூளையே கூட்டி வைப்பது. மாத்திரை அதைக் குறைக்கும். இங்கே திருகு சரியாகத்தான் இருக்கிறது, சூடு வெளியேற வழியில்லை.

ஆகவே குடம் குடமாக ஊற்றுங்கள். சட்டையைத் தளர்த்தி, நனைத்த துண்டை உடம்பு முழுக்கப் போட்டு, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் இருந்தால் வைத்து, இரண்டு பேர் விசிறட்டும். மாஸ்டர் டீ ஆற்றுகிறாரே, பரப்பிக் காற்றுப் பட வைப்பது, அதே சூட்சுமம். முதல் அரை மணி நேரம்தான் முக்கியம். வண்டி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊற்றிக்கொண்டே ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். இடம் கேட்பார்கள். கிரிவலப் பாதை என்று மட்டும் சொன்னால் 14 கிலோமீட்டரில் எங்கே என்று தேடுவார்கள்? வருண லிங்கம் தாண்டி, அடி அண்ணாமலை கோயில் பக்கம் என்று சொல்லுங்கள்.