கரடிக்கு எத்தனை பவுன்?

1953-ம் வருஷம், மே மாதம். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணம், ஸ்லேவ் லேக் ஊருக்குப் பக்கத்துக் காடு. பெல்லா ட்வின் என்கிற க்ரீ பழங்குடிப் பாட்டி போய்க்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு கிரிஸ்லி கரடி. பாட்டி கையில் இருந்தது பாயிண்ட் டூ டூ. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போட்டுச் சுடும், அணிலும் முயலும் அடிக்கிற துப்பாக்கி. காலேஜில் என்.சி.சி.யில் குப்புறப் படுத்துக்கொண்டு அட்டையைச் சுட்டோமே, அதே சைஸ்!

பாட்டி ஒளிந்து பார்த்தார். கரடி போகிற வழியாக இல்லை. கிட்டே வந்ததும் மண்டையின் பக்கவாட்டில் ஒன்று வைத்தார். விழுந்தது. விழுந்த பிறகும் சந்தேகத்துக்கு இன்னும் சில தோட்டாக்களை அதே இடத்தில் இறக்கிவிட்டுத்தான் கிட்டே போனார். அளந்து பார்த்தால், அந்த நாளில் அதுதான் கிரிஸ்லியில் உலக ரெகார்ட்.

'கரடி விடுகிறான்' என்று நினைக்க வேண்டாம். நிஜமாக நடந்தது.

இதைப் பக்கத்து சீட் நண்பரிடம் சொன்னேன். "அப்ப எதுக்கு சார் அவ்வளவு பெரிய பெரிய தோட்டா? எல்லாம் கம்பெனிக்காரன் பண்ற பிசினஸ்!" என்று ஒரே போடாகப் போட்டார். அவருக்காக இன்னொரு கதை. 1805-ல் லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு ராணுவ அதிகாரிகள் அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பார்த்து வரப் போய்க்கொண்டிருந்தார்கள். மிசெளரி ஆற்றங்கரையில் ஒரு கரடியைச் சுட்டார்கள். பத்து குண்டு. அதில் ஐந்து நுரையீரலைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. அது என்ன செய்தது தெரியுமா? ஆற்றில் இறங்கிப் பாதி தூரத்துக்கு மேல் நீந்தி மணல் திட்டில் ஏறி, கிட்டத்தட்ட இருபது நிமிஷம் கழித்துத்தான் உயிரை விட்டது.

பாட்டிக்கு ஒன்று, பட்டாளத்துக்குப் பத்து. வித்தியாசம் எங்கே? குண்டு எங்கே படுகிறது என்பது முதல் விஷயம். பட்ட பிறகு அது உள்ளே என்ன ஆகிறது என்பது இரண்டாவது. பாட்டிக்கு முதலாவது கச்சிதமாக அமைந்துவிட்டது. மற்றவர்கள் இரண்டாவதைப் பற்றிக் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

வேட்டைக்காரர்கள் குண்டின் எடையை 'கிரெய்ன்' கணக்கில் சொல்வார்கள். நம் தட்டார்கள் குன்றிமணி வைத்து நிறுத்த மாதிரி, அது அந்தக் காலத்து தானிய எடை. 7,000 கிரெய்ன் ஒரு பவுண்டு. நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், 180 கிரெய்ன் குண்டு ஒன்றரைப் பவுன் தங்கத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். 220 கிரெய்ன், ஒண்ணே முக்கால் பவுன். 300 கிரெய்ன் என்றால் ரெண்டரைப் பவுனைத் தொடும். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிறவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

குண்டு என்பது ஒரு கொழுக்கட்டை. உள்ளே பூரணம், ஈயம். மேல் மாவு, தாமிரம். ராணுவக் குண்டில் மூக்கு முழுக்க மாவு மூடியிருக்கும். ஊசி மாதிரி உள்ளே போய் மறுபக்கம் வந்துவிடும். 1890-களில் கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் மூக்கின் மாவைக் குறைத்து, ஈயம் வெளியே தெரிகிற மாதிரி செய்தார்கள். பட்டதும் காளான் போல விரியும். காயம் பயங்கரம். போரில் இது கூடாது என்று 1899-ல் ஹேக் நகரில் கூடித் தீர்மானம் போட்டார்கள்.

வேடிக்கையைப் பாருங்கள். மனிதன் மேல் சுடாதே என்று விலக்கிய அதே ஜாதிக் குண்டைத்தான் மான், கரடி வேட்டைக்குக் கட்டாயம் பயன்படுத்து என்று அமெரிக்காவில் பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன! விரியாத குண்டு பட்ட மிருகம் ஓடிப்போய் எங்கோ புதரில் ரெண்டு நாள் கிடந்து சாகும். விரிகிற குண்டு சீக்கிரம் முடித்துவிடும்.

ஆனால் மானுக்கு விரிகிற குண்டு, பெரிய மிருகத்திடம் காலை வாரிவிடும். தோள் எலும்பில் மோதியதும் அங்கேயே சிதறிவிடும். உள்ளே போகவேண்டிய சமாசாரம் தோலோடு நின்றுபோகும். 1946-ல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் ஒரு மூஸை (குதிரையைவிட உயரமான மான்) சுட்டார். அதன் உடம்பெல்லாம் சேறு காய்ந்து ஓடு மாதிரி அப்பியிருந்தது. குண்டுகள் மேலேயே வெடித்து விரிந்து வீணாகின. மனுஷன் ஊருக்குத் திரும்பி ஒரு வேலை செய்தார். குண்டின் நடுவில் தாமிரத்தில் ஒரு குறுக்குச்சுவர் வைத்தார். நம் திருவல்லிக்கேணி வீடு மாதிரி, முன் போர்ஷன், பின் போர்ஷன். முன் போர்ஷன் விரிந்து சேதம் பண்ணும். பின் போர்ஷன் சுவருக்கு அந்தப்பக்கம் அலுங்காமல் இருந்து, குண்டை ஆழமாகத் தள்ளிக்கொண்டு போகும். 'பார்ட்டிஷன்' என்றே பெயர் வைத்து 1948-லிருந்து விற்றார். இன்னும் விற்கிறது. 1989-ல் பார்ன்ஸ் கம்பெனி பூரணமே வேண்டாம் என்று முழுத் தாமிரத்தில் குண்டு கொண்டுவந்தது.

கரடிக்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? அலாஸ்காவின் கோடியாக் தீவுக் கரடி அறுநூறு கிலோகூடப் போகும். தோள் எலும்பு உலக்கை. மேலே கனமான கொழுப்பு, அதற்கு மேல் அடர்ந்த ரோமம். குண்டு போன ஓட்டையைக் கொழுப்பு அடைத்துவிடும். வழிகிற ரத்தத்தை ரோமம் குடித்துவிடும். அடிபட்ட மானை ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே தேடிப் போகலாம். இங்கே தடயமே கிடைக்காது. கரடியோ ஆள் உயரப் புதருக்குள் போய்விட்டது, வலியோடு, கோபத்தோடு. யாராவது ஒருவர் உள்ளே போய்த்தான் ஆகவேண்டும். பெரும்பாலும் அது காசு கொடுத்துச் சுட்டவர் இல்லை. சம்பளத்துக்கு வந்த கைடு.

ஆகவே அலாஸ்கா வனவிலங்குத் துறை ஒரு யோசனை சொல்கிறது. பழுப்புக் கரடிக்குப் போகிறவர் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரைஃபிளில் (1906-ல் வந்த மாடல், அதனால் அந்தப் பெயர்) 200 அல்லது 220 கிரெய்ன் உயர்ரகக் குண்டு போட்டுக்கொண்டு வந்தால் போதும், குறி சரியாக இருந்தால். கூடவே இன்னொரு எச்சரிக்கை: உங்கள் தோள் தாங்காத ராட்சசத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவனின் பெரிய குண்டைவிட, நிதானமாகக் குறி வைப்பவனின் நடுத்தரக் குண்டு மேல் என்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் என்றால் லைசென்ஸ் உள்ள கைடு இல்லாமல் அங்கே எந்தப் பெரிய மிருகத்தையும் வேட்டையாட முடியாது. நம் மச்சான் அங்கே வேலையில் இருந்தாலும் சிபாரிசு செல்லாது!

ஆப்பிரிக்காவில் கதை வேறு. 'கரமோஜோ' பெல் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டவர். பெரும்பாலானவற்றுக்கு அவர் பயன்படுத்தியது 173 கிரெய்ன், அதுவும் விரியாத ராணுவ மாதிரிக் குண்டு. யானையின் மண்டையோட்டை அவர் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்து வைத்திருந்தார். அவ்வளவு எலும்பைத் தாண்டி மூளைக்குப் போக விரியாத குண்டுதான் சரி. ஆயிரம் யானை என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவர் கணக்கு தந்தக் கணக்கு.

நம் பக்கத்துக் கரடிக்கு வருவோம். கிரிஸ்லியோடு ஒப்பிட்டால் பொடிசு. நூறு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் புற்றைத் தோண்டுகிற அந்த நகம்! சின்ன வயசில் ஜவ்வாது மலை அடிவாரத்தில் தேன் எடுக்கிற ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பாதி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டேதான் பேசுவார். காற்றடித்துத் துண்டு விலகினால் சின்னப் பிள்ளைகள் நாங்கள் ஓடிவிடுவோம். அவர் சிரிப்பார். பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன், மைசூர்ப் பக்கம் அரசிக்கெரே அருகே குறைந்தது 12 பேரைக் கொன்ற ஒரு கரடியைச் சுட்டது பற்றி எழுதியிருக்கிறார். அவருக்குப் பிடித்தது .405 வின்செஸ்டர், 300 கிரெய்ன். நம் கணக்கில் ரெண்டரைப் பவுன்.

இங்கே அந்த அத்தியாயம் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்தது. நமக்கு இது வெறும் படிப்பு.

மற்ற நாட்டிலும் பூரணத்துக்குச் சோதனை வந்திருக்கிறது. சிதறிய ஈயத் துணுக்குகள் குடலோடு காட்டில் கிடக்க, அதைத் தின்ற காண்டார் கழுகுகள் விஷமேறிச் செத்தன. 1982-ல் கலிஃபோர்னியா காண்டார் உலகத்திலேயே இருபத்திரண்டுதான் மிச்சம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

வேட்டை வேண்டாம், கரடி பாய்ந்தால் தப்பித்தால் போதும் என்பவர்களுக்கு வேறு சரக்கு இருக்கிறது. மிளகாய்க் காரத்தை டப்பாவில் அடைத்த ஸ்ப்ரே. அலாஸ்காவில் இருபது வருஷச் சம்பவங்களை அலசி 2008-ல் ஸ்மித், ஹெர்ரெரோ குழு ஓர் ஆய்வு வெளியிட்டது. ஸ்ப்ரே அடித்ததில் பழுப்புக் கரடிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை பின்வாங்கின. கரடியைக் கிட்டத்தில் சந்தித்தபோது ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவிகிதம் பேருக்குக் கரடியால் காயம் இல்லை. எடை பார்க்க வேண்டாம், போர்ஷன் பார்க்க வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பது கரடியாக இருக்காது. விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். அங்கே போய்த்தான் வாங்கிக்கொள்ளணும்.